ஹெலிகாப்டரின் ‘டப் டப்’ சத்தம் எங்கிருந்து வருது? பிளேடின் வடிவத்தை மாற்றினால் குறையுமா?

ஹெலிகாப்டர் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். முதலில் எங்கோ தூரத்தில் ‘டப் டப் டப்’ என்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். பிறகுதான் வானத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும்.

இது இன்ஜின் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் இன்ஜினின் ‘வீஈஈ’ சத்தம் பெரிதாகக் கேட்கும். தூரத்தில் இருப்பவர் காதுக்கு வருவதில் பெரும்பகுதி, மேலே சுற்றும் பிளேடுகள் காற்றை வெட்டுவதால் பிறக்கும் சத்தம்.

இங்கேதான் சிக்கல். இன்ஜின் சத்தம் என்றால் பைக்குக்கு மாட்டுவதுபோல ஒரு சைலன்சரை மாட்டிவிடலாம். பிளேடு திறந்த வெளியில் சுற்றுகிறது. அதற்கு மூடி போட முடியாது. அப்போ என்னதான் வழி? பிளேடின் நுனி, விளிம்பு, மேற்பரப்பு ஆகியவற்றின் வடிவத்தையே மாற்ற வேண்டும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக விஞ்ஞானிகள் இதைத்தான் செய்து வருகிறார்கள்.

ட்ரோன் டெலிவரி, ஏர் டாக்ஸி என்று நகரத்துக்குள்ளேயே பறக்கும் வாகனங்கள் வரத் தொடங்கியிருக்கும் நேரம் இது. மொட்டை மாடிக்கு மேலே நாள் முழுக்க இந்தச் சத்தம் கேட்டால் மக்கள் ஏற்றுக்கொள்வார்களா? பறக்கும் டாக்ஸியின் எதிர்காலமே ஒருவகையில் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

பிளேடு சுற்றினால் ஏன் இவ்வளவு சத்தம்?

வியட்நாம் போர்ப் படங்களில் பார்த்த ‘ஹியூயி’ ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பெல் நிறுவனம் தயாரித்த யுஎச்-1 என்ற ரகம் அது. மேலே 2 பிளேடுகள் மட்டுமே. ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை சுமார் 14.6 மீட்டர். நிமிடத்துக்கு 324 சுற்று வரை சுற்றும்.

கணக்குப் போட்டால், பிளேடின் நுனி நொடிக்கு கிட்டத்தட்ட 248 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது மணிக்கு சுமார் 890 கிலோமீட்டர். ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தாலும், அதன் பிளேடு நுனி ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது!

ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். ஹெலிகாப்டர் முன்னோக்கிப் பறக்கத் தொடங்கினால், முன்பக்கமாக வரும் பிளேடுக்கு ஹெலிகாப்டரின் வேகமும் சேர்ந்துகொள்ளும். மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு இன்னொரு 55 மீட்டர். மொத்தம் 300 மீட்டரைத் தாண்டிவிடும். ஒலியின் வேகத்துக்கு மிக அருகில். அந்த நிலையில் நுனியைச் சுற்றியுள்ள காற்று விலகிப் போக நேரம் கிடைக்காமல் நெரிபடுகிறது. அந்த நெரிசல்தான் ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்புபோலக் கேட்கிறது.

ஹியூயியில் 2 பிளேடு என்பதால் நொடிக்கு சுமார் 11 முறை இந்த ‘டப்’ கேட்கும். காதால் எண்ண முடிகிற அளவுக்கு மெதுவான தாளம். அதனால்தான் அந்த ஹெலிகாப்டரின் சத்தம் அவ்வளவு தனித்துத் தெரிகிறது.

ஒரு சத்தம் இல்லை, நாலு சத்தம்

ஹெலிகாப்டர் சத்தம் என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் நான்கு வெவ்வேறு சத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலாவது, பிளேடின் தடிமனால் வருவது. பிளேடு காற்றுக்குள் நுழையும்போது தன் பருமனுக்கு ஏற்ப காற்றை ஒதுக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஒலி அலையாகப் பக்கவாட்டில் போகிறது. ஹெலிகாப்டர் எதிரே வரும்போது முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, எடையைத் தூக்குவதால் வருவது. டன் கணக்கான எடையைத் தாங்க பிளேடு காற்றைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம் சுற்றிச் சுற்றி வருவதால் கீழே இருப்பவருக்கு அது சத்தமாகக் கேட்கும்.

மூன்றாவது, பிளேடு தானே உண்டாக்கிய காற்றுச் சுழலில் தானே போய் மோதுவது. மிக எரிச்சலூட்டும் சத்தம் இதுதான்.

நான்காவது, ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல். பிளேடின் மேல் ஓடும் காற்றில் இருக்கும் சின்னச் சின்னக் கலக்கங்கள், பின்விளிம்பைத் தாண்டும்போது எழுப்பும் ஒலி இது. மேசை விசிறியில் கேட்கிறோமே, ஏறக்குறைய அதே ரகம்.

முதல் மூன்றும் தாழ்ந்த சுருதி கொண்டவை, தாளமாக வருபவை. தாழ்ந்த சுருதி ஒலி காற்றில் எளிதில் கரையாது. கிலோமீட்டர் கணக்கில் போகும், சுவரையும் தாண்டும். நான்காவது உயர்ந்த சுருதி. அது தூரம் போகப் போகக் காற்றிலேயே தேய்ந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருந்தால் காதைக் குடையும்.

ஒரே மருந்து நான்குக்கும் வேலை செய்யாது. பிளேடை மாற்றுவதில் இருக்கும் முதல் பாடம் இதுதான்.

இறங்கும்போது மட்டும் ஏன் ‘பட் பட்’ என்று அறையுது?

ஹெலிபேடுக்கு அருகே குடியிருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஹெலிகாப்டர் மேலே போகும்போது இருக்கும் சத்தத்தைவிட, தாழ்ந்து இறங்க வரும்போது கேட்கும் சத்தம் முரட்டுத்தனமாக இருக்கும். யாரோ கை தட்டுவதுபோல, பலகையால் அறைவதுபோல.

காரணம் இது. பிளேடின் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியில் கீழே இருக்கும் காற்று மேலே ஏறப் பார்க்கும். அப்படி ஏறும்போது அது திருகிக்கொண்டு ஒரு கயிறுபோல, சின்னச் சூறாவளிபோல பிளேடுக்குப் பின்னால் நீளும். இதுதான் நுனிச் சுழல்.

நேராகப் பறக்கும்போது ரோட்டர் கீழ்நோக்கித் தள்ளும் காற்றோடு இந்தச் சுழலும் கீழே போய்விடும். பிரச்சினை இல்லை. ஆனால் ஹெலிகாப்டர் சரிந்து இறங்கும்போது, அதுவும் சுழலோடு சேர்ந்தே கீழே வருகிறது. அப்போது ஒரு பிளேடு விட்டுச்சென்ற சுழலின் மேல் பின்னால் வரும் பிளேடு போய் மோதுகிறது.

மோதல் எப்படி நடக்கிறது என்பதும் முக்கியம். சுழல் ஒரு கோடு, பிளேடு ஒரு கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இணையாக இருந்தால், பிளேடின் முழு நீளமும் ஒரே நொடியில் சுழலில் அடிபடும். அதுதான் ‘பட்’. இரண்டும் சாய்வாகச் சந்தித்தால், மோதல் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு நகர்ந்து போகும். அடி அதேதான், ஆனால் பரவிவிடுவதால் சத்தம் மழுங்கிவிடும்.

இதைத் தெரிந்த விமானிகள், குடியிருப்புகளுக்கு மேல் இறங்கும்போது சாய்வையும் வேகத்தையும் மாற்றி இந்த நிலையைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ஆனால் எல்லா ஹெலிபேடிலும் அதற்கு இடம் இருக்காது. மருத்துவமனை மாடியில் அவசரமாக இறங்குபவர் சத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, இல்லையா?

மெதுவா சுற்றினால் போதுமே?

நியாயமான கேள்வி. வேகம்தான் சத்தத்துக்கு மூலம் என்றால், வேகத்தைக் குறைத்தால் முடிந்தது. பலன் உண்மையிலேயே பெரிது. பின்விளிம்பில் எழும் இரைச்சலின் ஆற்றல், வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஆற்றல் 32-இல் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் தூக்கும் விசை, வேகத்தின் இரண்டாம் அடுக்கில் மாறுகிறது. வேகம் பாதியானால் தூக்கும் விசை கால்வாசிதான். ஹெலிகாப்டர் தரையை விட்டே எழும்பாது. அதை ஈடுகட்ட கூடுதல் பிளேடுகள், அகலமான பிளேடுகள் வேண்டும். எடை கூடும், செலவு கூடும்.

இந்த விலையைக் கொடுத்து ஒரு ஹெலிகாப்டரை உண்மையிலேயே செய்தார்கள். செய்தது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ. 1972 டிசம்பரில், வட வியட்நாமின் வின் நகருக்கு அருகே ராணுவத் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்கும் கருவியை மாட்ட வேண்டியிருந்தது. பாரிசில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நேரம் அது. எதிரிப் பகுதிக்குள் இரவில் போய் இறங்க வேண்டும், யார் காதிலும் விழக்கூடாது.

ஹியூஸ் நிறுவனத்தின் சின்ன ஹெலிகாப்டர் ஒன்றை இதற்காக மாற்றி அமைத்தார்கள். மேலே 4 பிளேடுக்குப் பதில் 5. வாலில் 2-க்குப் பதில் 4. நுனியின் வடிவம் மாற்றப்பட்டது. இன்ஜின் புகைக்குழாய்க்கு சைலன்சர். பிளேடு கூடியதால் ரோட்டரை வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்ற முடிந்தது. ‘அமைதியானவன்’ என்ற பொருளில் பெயர் பெற்ற அந்த ஹெலிகாப்டர், வேலையை முடித்துத் திரும்பியது.

2011-இல் பாகிஸ்தானின் அபோதாபாத்தில் ஒசாமா பின்லேடனைக் கொன்ற நடவடிக்கையில் ஒரு ஹெலிகாப்டர் நொறுங்கி விழுந்தது நினைவிருக்கலாம். அங்கே கிடந்த வால் பகுதியின் படங்கள் வெளியானபோது, வழக்கமான பிளாக் ஹாக்கில் இல்லாத வடிவில் அதன் வால் ரோட்டர் இருந்தது. சத்தத்தைக் குறைக்கும் வடிவமைப்பு அது என்று விமானத்துறை வல்லுநர்கள் விளக்கினார்கள்.

உளவு வேலைக்குச் செலவைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஆம்புலன்ஸாகவும், எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகவும் பயன்படும் சாதாரண ஹெலிகாப்டருக்கு? எடை கூடக்கூடாது, தூக்கும் திறன் குறையக்கூடாது, சத்தம் மட்டும் குறைய வேண்டும். அங்கேதான் வடிவத்தின் வேலை தொடங்குகிறது.

வாள் மாதிரி வளைந்த பிளேடு

ஏர்பஸ் நிறுவனத்தின் எச்160 ஹெலிகாப்டரின் படத்தைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். அதன் 5 பிளேடுகளும் நேராக இல்லை. நடுவில் சற்றே முன்னால் வளைந்து, நுனிக்கு அருகில் பின்னால் மடங்கியிருக்கும். அலங்காரத்துக்காக அல்ல. ‘புளூ எட்ஜ்’ என்று பெயரிடப்பட்ட இந்த வடிவம், மேலே சொன்ன மூன்றாவது சத்தத்தைக் குறிவைத்து உருவானது.

சுழலும் பிளேடும் இணையாகச் சந்தித்தால்தானே ‘பட்’ என்று அறைகிறது? பிளேடையே வளைத்துவிட்டால், எந்தக் கோணத்தில் வந்தாலும் முழு நீளமும் ஒரே நேரத்தில் சுழலோடு இணையாக இருக்க முடியாது. மோதல் துண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

சொல்ல எளிது, செய்ய நாளானது. பிரான்சின் ஒனேரா, ஜெர்மனியின் டிஎல்ஆர் என்ற இரண்டு விமானவியல் ஆய்வு நிறுவனங்கள் 1990-களில் ‘எராட்டோ’ என்ற பெயரில் இந்த ஆய்வைக் கூட்டாக நடத்தின. 2007-இல் ஹெலிகாப்டரில் பொருத்திப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2010-இல் உலகுக்குக் காட்டினார்கள். எச்160 முதன்முதலில் பறந்தது 2015-இல். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி கிடைத்தது 2020-இல். ஒரு வளைவு, ஆய்வகத்திலிருந்து வானத்துக்கு வர 20 ஆண்டுகளுக்கு மேல்!

ஏன் இவ்வளவு காலம்? நேரான பிளேடு சுற்றும்போது அதன் எடை ஒரே நேர்கோட்டில் வெளிப்பக்கம் இழுக்கும். வளைந்த பிளேடோ சுற்றும்போது முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். முறுக்கினால் தூக்கும் விசை மாறும், அதிர்வு வரும். ஒவ்வொரு சுற்றிலும், பல ஆயிரம் மணி நேரம் இதைத் தாங்க வேண்டும். கார்பன் இழை போன்ற கலவைப் பொருட்களை அடுக்கடுக்காக வைத்து வார்க்கும் நுட்பம் வளர்ந்த பிறகுதான் இது கைகூடியது.

வால் பக்கமும் இதேபோல் ஒரு வேலை நடந்திருக்கிறது. 1968-இல் பறந்த பிரெஞ்சு ‘கசெல்’ ஹெலிகாப்டரில், வால் விசிறியை ஒரு வளையத்துக்குள் அடக்கினார்கள். பின்னர் வந்த இசி135 போன்ற ரகங்களில், அந்த விசிறியின் பிளேடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை வேண்டுமென்றே சமமில்லாமல் வைத்தார்கள். இடைவெளி சமமாக இருந்தால் ஒரே சுருதியில் விசில்போல் ஊதும். ஏறுக்குமாறாக இருந்தால் சத்தம் பல சுருதிகளாகச் சிதறிவிடும், காதை உறுத்தாது.

‘50 சதவீதம் குறைவு’ என்றால் பாதி சத்தமா?

புளூ எட்ஜ் பிளேடு சத்தத்தை 3 டெசிபல் குறைக்கிறது, அதாவது 50 சதவீதம் குறைவு என்று நிறுவனம் சொல்கிறது. இது பொய்யில்லை. ஆனால் இதைப் படிப்பவர் நினைப்பதும் இதன் பொருளும் வேறு வேறு.

டெசிபல் என்பது கிலோ, மீட்டர் போன்ற நேர் அளவு இல்லை. ஒலியின் ஆற்றல் பாதியானால் டெசிபல் கணக்கில் 3 மட்டுமே குறையும். ஆனால் மனிதக் காதுக்கு ‘சத்தம் பாதியாகிவிட்டது’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். எனவே 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதி ஆகும். காதுக்கோ ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்றுதான் தெரியும்.

அப்போ 3 டெசிபல் வீணா? அதுவும் இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். 3 டெசிபல் என்றால் 300 மீட்டரில் பறந்த ஹெலிகாப்டர் சுமார் 420 மீட்டரில் பறப்பதுபோல. ஒரு ஹெலிபேடைச் சுற்றி ‘இந்த அளவுக்கு மேல் சத்தம் கேட்கும்’ என்று ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் பரப்பளவு பாதியாகிவிடும். நெருக்கமான ஊரில், சத்தத்தில் சிக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் அதே கணக்கில் குறையும். தனி ஒருவர் காதுக்குச் சின்ன மாற்றம், ஊருக்குப் பெரிய மாற்றம்.

ஆந்தை ஏன் சத்தமே இல்லாமல் பறக்குது?

நான்காவது சத்தமான ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சலுக்கு வருவோம். இதற்கு விடை தேடியவர்கள் போய் நின்ற இடம் ஆந்தை.

புறா தலைக்கு மேல் பறந்தால் படபடவென்று கேட்கும். ஆந்தை பறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இருட்டில் எலியின் சலசலப்பைக் காதால் கேட்டுத்தான் ஆந்தை வேட்டையாடுகிறது. தன் சிறகின் சத்தமே தன் காதை மறைத்துவிடக்கூடாது. எலிக்கும் கேட்டுவிடக்கூடாது. குறிப்பாக, எலியின் காது கூர்மையாகக் கேட்கும் உயர்ந்த சுருதிகளில் ஆந்தையின் சிறகு மிக அமைதியானது.

1934-லேயே கிரஹாம் என்ற ஆய்வாளர் இதற்கு மூன்று காரணங்களைக் குறித்துவைத்தார். ஒன்று, சிறகின் முன்விளிம்பில் சீப்புபோல வரிசையாக நிற்கும் சிறு பற்கள். இரண்டு, பின்விளிம்பில் பிய்த்துவிட்ட துணிபோலத் தொங்கும் மென்மையான குஞ்சம். மூன்று, சிறகின் மேல் வெல்வெட் துணிபோன்ற பூந்தூவல்.

இவை என்ன செய்கின்றன? பிளேடின் மேல் ஓடும் காற்றில் ஏராளமான சிறு கலக்கங்கள் இருக்கும். கத்திபோல நேரான பின்விளிம்பில் அவை சட்டென்று அறுபடும்போதுதான் பலத்த ஒலி பிறக்கிறது. விளிம்பு குஞ்சமாகவோ ரம்பப் பல்லாகவோ இருந்தால், அந்த மாற்றம் சட்டென்று நடக்காமல் படிப்படியாக நடக்கிறது. வெல்வெட் பரப்போ, கலக்கங்களைச் சிறகின் தோலிலிருந்து சற்றே மேலே தூக்கி வைத்துவிடுகிறது. தோலில் உரசாததால் விளிம்புக்கு வரும்போது அவற்றின் வேகம் அடங்கியிருக்கும்.

காற்றாலையில் ஓடிய சோதனை

இந்த யோசனையை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது ஹெலிகாப்டர் துறை அல்ல, காற்றாலைத் துறை. காற்றாலையின் ‘வூஷ் வூஷ்’ சத்தத்தில் பெரும்பங்கு பின்விளிம்பு இரைச்சல்தான்.

2009-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு சுவாரஸ்யமானது. 94 மீட்டர் விட்டம் கொண்ட ஒரே காற்றாலையில் மூன்று பிளேடுகளையும் மூன்று விதமாக வைத்தார்கள். ஒன்று வழக்கமானது. இன்னொன்றின் குறுக்குவெட்டு வடிவம் மாற்றப்பட்டது. மூன்றாவதின் பின்விளிம்பில் ரம்பப் பல் ஒட்டப்பட்டது. கீழே மைக்ரோபோன்களை அடுக்கி ஒவ்வொரு பிளேடின் சத்தத்தையும் பிரித்து அளந்தார்கள். வடிவம் மாற்றியதில் சராசரியாக 0.5 டெசிபல் குறைந்தது. ரம்பப் பல் வைத்ததில் 3.2 டெசிபல் குறைந்தது. அதே நேரம், உயர்ந்த சுருதிகளில் சத்தம் கொஞ்சம் கூடவும் செய்தது. இன்று பல நாடுகளில் காற்றாலை பிளேடுகளின் பின்விளிம்பில் இந்தப் பற்களைப் பார்க்க முடிகிறது.

மூன்றாவது ரகசியமான வெல்வெட் பரப்பை எடுத்துக்கொண்டது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்த குழு. ஆந்தையின் தூவலை நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அது ஒரு காட்டை மேலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. முதலில் மேற்கத்திய மணப்பெண்கள் முகத்தில் போடும் மெல்லிய வலைத்துணி போன்ற ஒன்றைச் சொரசொரப்பான பரப்பின் மேல் விரித்துச் சோதித்தார்கள். பரப்பின் சொரசொரப்பால் எழும் சத்தம் 30 டெசிபல் வரை குறைந்தது!

ஆனால் வலைத்துணியைப் பிளேடில் ஒட்ட முடியாது. எனவே அதே வேலையைச் செய்யும் மெல்லிய தடுப்பு வரிசைகளை பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்து பிளேடில் பொருத்தினார்கள். காற்றுச் சுரங்கச் சோதனையில் 10 டெசிபல் வரை குறைந்ததாக 2015-இல் அறிவித்தார்கள். 10 டெசிபல் என்றால் காதுக்கே பாதியாகத் தோன்றும் அளவு.

அப்போ ஹெலிகாப்டரில் ஏன் ஒட்டலை?

இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், ஹெலிகாப்டர் பிளேடு வாழும் உலகமே வேறு. ஹியூயி கணக்கையே எடுத்துக்கொண்டால், நுனியில் ஒட்டிய எந்தப் பொருளும் தன் எடையைப்போல சுமார் 850 மடங்கு விசையோடு வெளியே இழுக்கப்படும். 100 கிராம் ஒட்டுத்துண்டு 85 கிலோ எடைபோல இழுக்கும். அது பிய்ந்து போனால் பிளேடுகளின் சமநிலை கெடும். ஹெலிகாப்டரே ஆபத்தில் சிக்கும்.

மழைத்துளியும் மணலும் வேறு இருக்கின்றன. அவ்வளவு வேகத்தில் மோதினால் மழைத்துளியே பிளேடை அரித்துவிடும். அதனால்தான் பல ஹெலிகாப்டர் பிளேடுகளின் முன்விளிம்புக்கு உலோகக் கவசம் போடுகிறார்கள். அந்த இடத்தில் ஆந்தையின் சீப்புப் பற்களை வைத்தால் எத்தனை நாள் நிற்கும்? பற்களுக்கு இடையே தூசி, பூச்சி, பனிக்கட்டி அடைத்துக்கொண்டால் சத்தமும் குறையாது, தூக்கும் திறனும் போய்விடும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பெரிய ஹெலிகாப்டரில் தூரத்துக்குக் கேட்பது ‘டப் டப்’தான், ‘ஸ்ஸ்ஸ்’ இல்லை. ஆந்தையின் மருந்து ‘ஸ்ஸ்ஸ்’ நோய்க்கானது. தலைவலிக்கு வயிற்றுவலி மாத்திரை போட்ட கதையாகிவிடும். பெரிய ஹெலிகாப்டருக்கு வளைந்த பிளேடும் சீவிய நுனியும்தான் பலன் தரும்.

ட்ரோனும் ஏர் டாக்ஸியும் கணக்கை மாத்துது

இப்போது நிலைமை மாறுகிறது. பேட்டரியில் ஓடும் ஏர் டாக்ஸியில் ஒரே பெரிய ரோட்டர் கிடையாது. பல சின்ன ரோட்டர்கள். மின்மோட்டார் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மெதுவாகச் சுற்ற முடியும்.

அமெரிக்காவின் ஜோபி நிறுவனத்தின் ஏர் டாக்ஸியில் 6 ரோட்டர்கள், ஒவ்வொன்றிலும் 5 பிளேடுகள். நாசாவோடு சேர்ந்து கலிஃபோர்னியாவில் அளந்தபோது, சுமார் 500 மீட்டர் உயரத்தில் மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கையில் தரையில் 45.2 டெசிபல் பதிவானதாக 2022-இல் அறிவித்தார்கள். எழும்போதும் இறங்கும்போதும் 100 மீட்டர் தூரத்தில் 65 டெசிபலுக்குக் கீழே என்றார்கள். சாதாரணமாகப் பேசும் சத்தம் சுமார் 60 டெசிபல்.

மெதுவாகச் சுற்றுவதால் ‘டப் டப்’ அடங்கிவிடுகிறது. அப்போ மிஞ்சுவது என்ன? அதே ‘ஸ்ஸ்ஸ்’. இதுவரை பெரிய சத்தத்துக்குப் பின்னால் மறைந்திருந்த பின்விளிம்பு இரைச்சல் இப்போது முன்னால் வந்து நிற்கிறது. மேலும், இந்த வாகனங்கள் தாழ்வாக, வீடுகளுக்கு அருகில் பறக்கப்போகின்றன. உயர்ந்த சுருதி காற்றில் தேய்ந்து போகும் தூரம் அங்கே இல்லை. ஹெலிகாப்டருக்குப் பயன்படாத ஆந்தையின் பாடம், ஏர் டாக்ஸிக்கும் ட்ரோனுக்கும் சரியாகப் பொருந்துவது இதனால்தான். சின்ன பிளேடு என்பதால், ஒட்டவைக்காமல் அச்சிலேயே ரம்பப் பல்லோடு வார்த்துவிடவும் முடியும்.

கல்யாண வீடுகளில் படமெடுக்கும் ட்ரோன்களிலேயே இந்த மாற்றம் தொடங்கிவிட்டது. டிஜேஐ நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த மேவிக் புரோ பிளாட்டினம் ட்ரோனில் பிளேடின் நுனி வடிவத்தையும் மோட்டார் கட்டுப்பாட்டையும் மாற்றி 4 டெசிபல் வரை குறைத்ததாகச் சொன்னது. பறக்கும் நேரமும் அதிகரித்தது. அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகம் இன்னும் ஒரு படி மேலே போய், நுனியே இல்லாத, வளையமாக மடிந்த பிளேடை உருவாக்கியது. நுனி இல்லாவிட்டால் நுனிச் சுழலும் வலுவிழக்கும் என்பது அதன் தத்துவம்.

கீழே இருப்பவர்களுக்கு இதனால் என்ன?

சத்தம் வெறும் எரிச்சல் விஷயம் இல்லை. விமானச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்கு மேல், இரவில் 40 டெசிபலுக்கு மேல் இருந்தால் உடல்நலத்துக்கும் தூக்கத்துக்கும் கேடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் பரிந்துரை வெளியிட்டது. இந்தச் சத்தத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. குடியிருப்புவாசிகள் எதிர்த்தால் ஹெலிபேடு ஊருக்கு வெளியே போகும். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரில் வரும் நோயாளிக்கு அந்தத் தூரம் உயிர்போகும் தூரமாக இருக்கலாம். அமைதியான பிளேடு இரண்டு பேரையும் காப்பாற்றும், தூங்குபவரையும் நோயாளியையும்.

எதிர்காலத்தில் ‘சத்தமே இல்லாத ஏர் டாக்ஸி’ என்று விளம்பரம் வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு தூரத்தில் அளந்தார்கள்? 500 மீட்டரில் 45 டெசிபல் என்பதும் 50 மீட்டரில் 45 டெசிபல் என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் 20 டெசிபல் வித்தியாசம்.

எந்த நிலையில் அளந்தார்கள்? ஹெலிகாப்டர்களுக்கான சர்வதேச விதிகள் எழும்போது, நேராகப் பறக்கும்போது, இறங்கும்போது என மூன்று நிலைகளிலும் அளக்கச் சொல்வது சும்மா இல்லை. பறக்கும்போது அமைதியாக இருப்பது இறங்கும்போது அறையலாம்.

ஒரு வாகனத்தின் சத்தமா, ஒரு நாளின் சத்தமா? ஒன்று அமைதியாகப் போகலாம். 5 நிமிடத்துக்கு ஒன்று என்று போனால் அது வேறு கணக்கு.

பிளேடின் வளைவும், நுனியும், விளிம்பும் சத்தத்தை வெகுவாகக் குறைத்திருக்கின்றன, இன்னும் குறைக்கும். ஆனால் எடையைத் தூக்க காற்றைத் தள்ளித்தான் ஆக வேண்டும். தள்ளினால் ஏதோ ஒரு சத்தம் வரத்தான் செய்யும். ஒரு நாளைக்கு எத்தனை பறக்கலாம், எந்த வழியில், எந்த நேரத்தில் என்பதைப் பிளேடு தீர்மானிக்காது. அதை விதிகளைப் போடுபவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.